தட்டை வேகனுக்குப் பாரம் ஏற்றியபோது: கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மாதிரி ரெயில் பாதை

பின்னணி

இந்த மாதிரிப் பாதை கிளிநொச்சி மாவட்டத்தில், ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் பின்னறையில் இருக்கிறது. ஒட்டுப்பலகை மேசை, அதன்மேல் நீள்வட்டமாக ஒரு பாதை, ஒரு மேடை, சாமான் ஏற்றி இறக்க ஒரு பக்கப்பாதை, அவ்வளவுதான். 1990க்கு முந்திய மாங்குளம் நிலையத்தை மனதில் வைத்துத் தொடங்கினார்கள். அச்சொட்டாக அதே நிலையம் என்று யாரும் உரிமை கோரவில்லை.

வேலையில் நான்கு பேர். ஒருவர் இலங்கையின் வடக்கு ரெயில் பாதையான வடபாதையில் சாமான் கோச்சிகளில் காட் (ரெயில் காவலர்) ஆக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் உயர்தரம் படிப்பவர்கள், ஒரு மாணவனும் ஒரு மாணவியும். நாலாவது ஆள் அயலில் இருக்கும் தச்சர். நான் அறைக்கு மின்னிணைப்புப் போடப் போனவன். போன இடத்தில் வேகன்கள் விழுவதைப் பார்த்து நின்றுவிட்டேன். அவர்கள் கேட்டபடி பெயர்களை விட்டிருக்கிறேன்.

வடபாதை முழு நீளத்துக்கும் திறக்கப்பட்டது 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி. 1990 ஜூனுக்குப் பிறகு வவுனியாவுக்கு வடக்கே கோச்சி இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. போர் முடிந்தபின் 2011 மேயில் ஓமந்தைக்கும், அதற்கு வடக்கே இந்திய நிறுவனமான இர்கொன் பாதையைத் திரும்பப் போட, 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரெயில் வந்தது. மாணவர் இருவரும் கண்ட ரெயில் இந்தப் புதுப் பாதையில் ஓடுவது. ஐயா கண்டது பழையது. வேகனில் எதை ஏற்றுவது என்று கதைக்கத் தொடங்கியபோது இந்த வித்தியாசம் குறுக்கே வந்தது, அதனால்தான் இங்கே சொல்லி வைக்கிறேன்.

வேகன்கள் லண்டனில் இருக்கும் ஐயாவின் மருமகன் அனுப்பியவை. ஒரு சின்ன டீசல் இயந்திரம், ஒரு காட் வான், ஆறு தட்டை வேகன்கள், எல்லாம் யாரோ பாவித்துவிட்டு விற்றவை. பிரித்தானிய மாதிரிகள், ஓஓ அளவு: உண்மையான ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர். வேகன் ஒன்று 180 மி.மீ. நீளம், அதாவது 45 அடி வேகனின் மாதிரி. இரண்டு போகி (சக்கரங்களைத் தாங்கி, வேகனுக்கு அடியில் திரும்பும் சட்டம்), நான்கு அச்சு, மேலே பிளாஸ்ரிக் தளம். சுவரும் இல்லை, கூரையும் இல்லை.

இலங்கை அகலப்பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், 1676 மி.மீ. ஓஓ அளவில் அது 22 மி.மீ. ஆக வரவேண்டும். கடையில் வரும் ஓஓ பாதையோ 16.5 மி.மீ.; பிரித்தானியாவின் 4 அடி 8½ அங்குலத்துக்கே அது ஒடுக்கம். 22 மி.மீ. பாதை வேண்டுமென்றால் தண்டவாளத்தைக் கையால்தான் பதிக்கவேண்டும். அதற்கு ஆட்பலம் இல்லை என்று 16.5ஐயே வைத்துக்கொண்டார்கள். அந்த முடிவு சரி என்றுதான் எனக்கும் பட்டது. மேசைக்கு முன்னால் நின்று பார்க்கிறவருக்கு அந்த ஐந்தரை மில்லிமீற்றர் தெரியாது. ஆனால் வேகனுக்குத் தெரியும்.

முதலில் கண்டவை

வெறும் வேகன்கள் ஆறும் இயந்திரத்துக்குப் பின்னால் ஓடியபோது சுற்றுக்கு ஒன்றாவது தடம் புரண்டது. மாணவி ஒரு கொப்பியில் எந்த வேகன், எந்த இடம், எந்தத் திசை என்று எழுதத் தொடங்கினார். இரண்டு பக்கம் நிரம்ப முதலே விஷயம் பிரிந்து தெரிந்தது. இரண்டு வேகன்கள் மட்டும் எங்கே கோர்த்தாலும் பாதை பிரியும் இடமான பொயின்ற்றில் விழுந்தன. மற்றவை அப்படி இல்லை. இயந்திரத்துக்கு அடுத்ததாக எது நின்றதோ அது வளைவில் உட்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. வளைவின் ஆரை 438 மி.மீ.

பொயின்ற்றில் விழுந்த இரண்டையும் தனியே எடுத்து முகம் பார்க்கும் கண்ணாடியின்மேல் வைத்தோம். கண்ணாடி மட்டமானது, எட்டுச் சக்கரமும் தொடவேண்டும். ஒன்றில் ஒரு சக்கரம் ஒரு கடுதாசி நுழையும் அளவுக்கு மேலே நின்றது. இரண்டு போகியின் ஆணியையும் யாரோ இறுக்கிப் பூட்டியிருந்ததால் சட்டத்தின் சின்ன முறுக்குச் சக்கரத்தைத் தூக்கிவிட்டது. ஒரு போகி இடம் வலம் திரும்ப மட்டும் விடப்பட்டு, மற்றது திரும்பவும் பக்கவாட்டில் ஆடவும் விடப்பட்டால் வேகன் மூன்று புள்ளியில் நிற்கும், எந்தப் பாதையிலும் எட்டுச் சக்கரமும் படியும். ஓர் ஆணியை அரைச் சுற்றுத் தளர்த்தியதோடு அது முடிந்தது.

மற்ற வேகனில் குறை சக்கரங்களுக்கு இடையில். அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உட்புறத்துக்கிடையே 14.5 மி.மீ. இருக்கவேண்டும். நுண்ணளவு எடுக்கும் வேர்ணியரில் 14 தான் காட்டியது. மெல்லத் திருகி வெளியே இழுத்துச் சரிசெய்தோம்.

வளைவுப் பிரச்சினை இவ்வளவு இலகுவாகப் போகவில்லை. சமையலறைத் தராசில் வைத்தால் ஒரு வேகன் 48 கிராம். அமெரிக்க மாதிரி ரெயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ., ஓஓவைவிடச் சற்றுச் சிறிய எச்ஓ அளவு வண்டிக்கு 1 அவுன்சும் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு அரை அவுன்சும் நிறை இருக்கவேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஏழு அங்குல வேகனுக்கு அது 128 கிராம் அளவில் வரும். ஓஓ ஆட்கள் பலர் அச்சுக்கு 25 கிராம் என்று கணக்குப் பார்ப்பார்கள். நான்கு அச்சுக்கு 100. எப்படிப் பார்த்தாலும் இவை பாதிக்கும் குறைந்த நிறையில்தான் ஓடின. மூடிய பெட்டி வேகன் என்றால் உள்ளே ஒரு இரும்புத் தகட்டை ஒளித்துவிடலாம், கம்பனிகளும் அப்படித்தான் செய்கின்றன. தட்டை வேகனில் ஒளிக்க இடம் இல்லை.

வளைவில் இயந்திரம் முன்னால் இழுக்க, பின்னால் வரும் ஐந்து வேகனும் காட் வானும் இழுவைக்கு எதிராக நிற்கும். கோர்வை நேர்கோடாக விறைக்கப் பார்க்கும். அந்த இழுப்பு முழுவதும் முதல் வேகனின் கொளுவியில் விழ, பாரம் இல்லாத அது வளைவின் உட்பக்கமாகச் சரிந்துவிடும். உண்மை ரெயிலிலும் நடப்பதுதான். நீளக் கோர்வையின் முன்பக்கத்தில் வெறும் வேகனையும் பின்பக்கத்தில் பாரத்தையும் வைப்பது ஆபத்து என்பதை ஐயாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் திருத்தம்: மேலே பாரம்

நிறைதானே குறைவு, சாமானை ஏற்றினால் சரி என்று மாணவனும் தச்சரும் நினைத்தார்கள். பார்க்கவும் வடிவாக இருக்கும். சீமெந்தில் கருங்கல் பாளம் போல வார்த்து, சாம்பல் நிறம் தடவி, மூன்று வேகன்களில் ஒட்டினார்கள். ஒரு பாளம் 70 கிராம். வேகனும் பாளமும் சேர்ந்து 118 கிராம், பரிந்துரைத்த நிறைக்குக் கிட்ட.

நேர்ப்பாதையிலும் பொயின்ற்றிலும் அந்த மூன்றும் நன்றாக ஓடின. வளைவில் மெதுவாகப் போனாலும் பிழையில்லை. வளைவில் நிறுத்தி மீண்டும் எடுத்தால்தான் பிரச்சினை. இயந்திரம் ஒரு வெட்டு வெட்டிப் புறப்படும். பாளம் ஏற்றிய வேகன் அப்படியே பக்கத்தில் படுக்கும். முன்பு விழுந்த வெறும் வேகன் தண்டவாளத்தை விட்டு இறங்கி நின்றது. இது கவிழ்ந்தது. ஒரு தடவை மேசையை விட்டும் போய், பாளத்தின் மூலை உடைந்தது.

ஏன் என்று மாணவி கணக்குப் போட்டார். வெறும் வேகனின் ஈர்ப்பு மையம் தண்டவாளத்துக்கு ஏறக்குறைய 8 மி.மீ. மேலே. பாளத்தின் நடு 25 மி.மீ. உயரத்தில். இரண்டையும் நிறைப்படி சேர்த்தால் மையம் 18 மி.மீ.க்கு ஏறிவிடுகிறது. பாதையின் அரை அகலமோ எட்டேகால் மி.மீ. தான். 22 மி.மீ. பாதையாக இருந்தால் அரை அகலம் 11 ஆகியிருக்கும், இவ்வளவு கெதியாகக் கவிழ்ந்திராது. அகலப்பாதை வேகனின் உடம்பை ஒடுங்கிய காலில் நிறுத்திவிட்டு, தலையில் கல்லையும் ஏற்றியாயிற்று.

ஐயா அதுவரை ஒன்றும் சொல்லாமல் இருந்தவர். "தம்பி, வேகன் ஓடவேணும் எண்டதுக்காக ஆரும் சாமான் ஏத்துறேல்ல. முதல்ல வெறும் வேகன் ஓடட்டும். பிறகு ஏத்து" என்றார். அதன் பிறகு எடுத்த எல்லா முடிவும் இந்த வரியிலிருந்துதான் வந்தது. ஏற்றும் சாமான் தோற்றத்துக்கு மட்டும். ஓடுவதற்கான நிறை வேகனுக்குக் கீழேயே இருக்கவேண்டும். சாமான் எப்போதும் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும்.

பாரத்தைக் கீழே இறக்கியது

தளத்துக்கு அடியில், இரண்டு போகிகளுக்கு நடுவே, பக்கச் சட்டங்களுக்கு இடையில் ஒரு குழி இருக்கிறது: நீளம் 100 மி.மீ., அகலம் 22, ஆழம் இரண்டு மி.மீ.க்குச் சற்று மேல். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே இரும்பை வைத்தால் 35 கிராம் கூடத் தேறாது. ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.3 கிராம், அதே குழியில் 2 மி.மீ. தடிப்புக்கு ஈயம் போட்டால் 50 கிராம். வேறு தெரிவு இருக்கவில்லை.

ஈயத் தகட்டுக்கு வன்னியில் எங்கே போவது? முல்லைத்தீவுக் கரையில் வீச்சுவலைக்குக் கட்டும் ஈயக் குண்டு கிடைக்கும். மாணவனின் மாமா ஒருவர் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். முதல் நான்கு வேகன்களுக்குக் குண்டுகளைச் சிறு துண்டுகளாக வெட்டிக் குழியில் நிரப்பி, தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையை ஊற்றி மூடினார்கள். நாலாவதோடு பசை முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டுக்கும் வேறு வழி பார்த்தார்கள்: குண்டுகளைப் பட்டறையில் சுத்தியலால் தட்டித் தகடாக்கி (அங்கே பட்டடையாக இருந்ததும் ஒரு தண்டவாளத் துண்டுதான்), கத்தரித்து, இரண்டு குழாயில் வரும் அரால்டைட் பசையைக் கலந்து மேலும் கீழும் பூசி ஒட்டினார்கள். வெள்ளைப் பசை அறையில் இன்னொரு போத்தல் இருந்திருந்தால் ஆறும் ஒரே மாதிரித்தான் முடிந்திருக்கும். பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள வழியும் இருந்திராது.

ஈயத்தைத் தொட்ட வேலை முழுவதும் பெரியவர்கள்தான் செய்தார்கள். அரத்தால் ராவவில்லை, உருக்கவில்லை; ஈயத் தூசும் புகையும் உடம்புக்குள் போகக் கூடாது. வேலை முடிந்து கை கழுவாமல் யாரும் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடவில்லை.

மருமகனிடம் சொல்லி உலோகச் சக்கரங்களும் எடுப்பித்தார்கள். பிளாஸ்ரிக் சக்கரம் அழுக்கை அள்ளித் தண்டவாளத்தில் அப்பும், உருளவும் பஞ்சி. புதுச் சக்கரத்தோடு வேகன் 110 கிராம் ஆனது, கூடிய நிறை எல்லாம் தளத்துக்குக் கீழே. வெறும் வேகன்கள் ஆறும் அன்று மாலை முழுக்க ஓடின, வளைவில் நிறுத்தி எடுத்தும் பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை.

தளமும் சாமானும்

பிளாஸ்ரிக் தளம் பலகை போல வார்க்கப்பட்டிருந்தாலும் பிளாஸ்ரிக்காகவே தெரிந்தது. மரத்திலேயே போடலாம் என்றார் தச்சர். ஐஸ்கிறீம் குச்சியை வெட்டி ஒட்டுவது பலரும் செய்வது, ஆனால் அது 2 மி.மீ. தடிப்பு, உண்மையில் ஆறு அங்குலப் பலகை ஆகிவிடும். அப்படி ஒரு வேகனை யாரும் செய்வதில்லை. அவர் தன் பட்டறையிலிருந்து 0.6 மி.மீ. வெனியர் (மெல்லிய மரத்தகடு) கொண்டுவந்தார். தேக்கு வெனியரின் நரம்பு இந்த அளவுக்குப் பருமன் என்பதால் அதை ஒதுக்கிவிட்டு, நரம்பு தெரியாத வெளிர் மரம் ஒன்றைத் தெரிந்தார். 2.3 முதல் 3 மி.மீ. அகலக் கீற்றுகள்: ஏழு முதல் ஒன்பது அங்குலப் பலகை. வேகனின் குறுக்கே ஒட்டினார்கள்.

வெயிலில் கிடந்த பலகை மண்ணிறமாக இருக்காது, சாம்பல் பூத்து இருக்கும். அதற்குப் பெயின்ற் தேவைப்படவில்லை. கீற்றுகளைக் கடுஞ்சாயத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் காயவிட்டு, இரும்பு நாரை வினாகிரியில் போட்டு வைத்த தண்ணியைத் தடவினால், தேயிலைத் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து மரம் கண்முன்னாலேயே சாம்பலாகக் கறுக்கிறது. எல்லாக் கீற்றும் ஒரே அளவுக்குக் கறுக்காது, அதுதான் வேண்டியதும். நடுவில் இரண்டு மூன்று கீற்றைத் தேத்தண்ணியோடு மட்டும் விட்டால், அண்மையில் மாற்றிய பலகை போல நிற்கும்.

அடிச்சட்டத்துக்குக் கிரவல் புழுதி. மாங்குளப் பக்கத்துச் சிவந்த கிரவலைத் துணியில் அரித்து, காந்தம் ஒன்றை மேலால் கொண்டுபோய் இரும்புத் துகளை எடுத்த பிறகே பாவித்தார்கள். இல்லாவிட்டால் அது பாதையில் உதிர்ந்து இயந்திரத்தின் மோட்டருக்குள் ஏறிவிடும். சக்கரங்களைக் கழற்றிவிட்டுத் தடவியது நல்ல வேலை. அச்சு முனையில் ஒரு சிட்டிகை மண் போனாலும் வேகன் முனகும்.

சாமான் விஷயத்தில்தான் ஐயாவும் மாணவனும் முரண்பட்டார்கள். ஐயாவுக்கு மரக் குற்றி வேண்டும். மாணவனுக்குக் கொங்கிறீற் சிலிப்பரும் புதுத் தண்டவாளமும் வேண்டும்; அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரில் நடந்த பெரிய வேலை அது. 1990க்கு முந்திய நிலையத்தில் 2013இன் சாமான் நிற்க முடியாது என்றார் ஐயா. சாமான் கழற்றக்கூடியது என்று முன்பே தீர்மானித்திருந்ததால் சண்டை நீளவில்லை. இரண்டு தொகுதி செய்து, ஒரு நாளைக்கு ஒரு காலம் ஓட்டுவது என்றானது.

மாணவன் முதலில் சிலிப்பர்களை ஆறு அடுக்காகத் தளம் நிறைய அடுக்கினான். பார்த்தவுடனே பிழை தெரியும், ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவேண்டும். கொங்கிறீற் சிலிப்பர் ஒன்று கால் தொன் அளவு. 30 தொன் ஏற்றும் வேகன் என்றால் 120 சிலிப்பரோடு பாரம் முடிந்தது. கொங்கிறீற்றும் இரும்பும் ஏற்றிய வேகன் எப்போதும் பாதி வெறுமையாகத்தான் தெரியும், இடம் நிரம்ப முதல் நிறை நிரம்பிவிடும். தண்டவாளமும் அப்படியே: மீற்றருக்கு 45 கிலோ என்று வைத்தால் 13 மீற்றர்த் துண்டு 585 கிலோ, ஐம்பது துண்டோடு சரி. மாதிரிகளில் நான் அதிகம் காணும் குறை இதுதான். சாமானின் நிறத்துக்கும் துருவுக்கும் நாள்கணக்காக மினக்கெடுவார்கள், உண்மை வேகன் அதைத் தாங்குமா என்று கேட்கமாட்டார்கள்.

சிலிப்பர்களை 36 மி.மீ. நீளத்தில் மட்டையில் வெட்டிச் சாம்பல் பூசி, இரண்டு அடுக்குக்கு இடையே ஈர்க்குத் துண்டுகளைச் சட்டமாக வைத்தார்கள். இடையில் சட்டம் இல்லாவிட்டால் இறக்கும்போது சங்கிலி போட முடியாது என்பதை ஐயா சொல்லித்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

குற்றிகளுக்கும் அதே கணக்கு. பாலை தண்ணீரில் தாழும் மரம், கன மீற்றருக்கு ஒரு தொன்னுக்கு மேல். 20 அடி நீளம், ஒன்றரை அடி விட்டம் உள்ள குற்றி ஒன்றே ஒரு தொன்னைத் தாண்டும். 30 தொன்னுக்கு 27 குற்றி. 45 அடித் தளத்தில் இரண்டு குவியல். குவியலுக்கு அடியில் ஐந்து, மேலே நான்கு, அதன்மேல் மூன்று. மாதிரியில் 6 மி.மீ. தடிப்பு, 80 மி.மீ. நீளம். பட்டை பருமனாக இல்லாத குச்சியாகத் தேடி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்தார்கள். ஈரத்தோடு வைத்தால் உளுத்துப்போகும். முனைகளைச் சன்ன வாளால் அறுத்தார்கள், கத்தரிக்கோலால் நறுக்கினால் முனை நசிந்து குச்சி என்று காட்டிக்கொடுத்துவிடும். 24 குச்சியும் சேர்ந்தால் 38 கிராம், மேலே ஏற்ற அது அதிகம். வெளியே தெரியாத நடுக் குற்றிகளை நீக்கி, ரெஜிபோம் (இலேசான வெள்ளை நுரைப்பலகை) துண்டில் முனையை மட்டும் ஒட்டினார்கள். பாரம் 20 கிராமுக்கு இறங்கியது. மாணவியின் கணக்குப்படி ஈர்ப்பு மையம் இப்போது 11, 12 மி.மீ.க்குள்.

கட்டுவதற்குத் தையல் நூல் சரிவரவில்லை, பக்கத்தில் பார்த்தால் மயிர் மயிராகத் தெரியும். மெழுகுதிரியில் இழுத்த பிறகு படிந்தது.

மாரிக்குப் பிறகு வந்த வளைவு

ஐப்பசியில் மழை பிடித்தது. அறையைப் பூட்டிவிட்டார்கள். தை பிறந்து திறந்தபோது நான்கு வேகன்களின் தளம் நடுவில் முதுகு தூக்கி நின்றது. குற்றிக் குவியல் தளத்தில் படியவில்லை, ஆடியது. ஒன்றில் பக்கச் சட்டம் வெடித்திருந்தது.

மரம் என்றார் தச்சர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. மரம் ஈரத்தில் நரம்புக்குக் குறுக்கே உப்பும். கீற்றுகள் வேகனுக்குக் குறுக்கே கிடப்பதால், உப்பினால் தளம் நீளவாக்கில் விரியும். அடியிலிருக்கும் பிளாஸ்ரிக் விரியாது. நடு மேலே எழும்பும். வளைவின் திசையும் அதற்குப் பொருந்தியது. வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவைக்கலாம் என்ற பேச்சும் வந்தது.

மாணவிதான் மற்ற இரண்டு வேகன்களையும் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். "ஐயா, இதிலயும் அதே மரம், அதே நாள் ஒட்டினது. இது ஏன் நேரா நிக்குது?" எட்டுச் சக்கரமும் தொட்டன, தளம் மட்டமாக இருந்தது. அந்த இரண்டும் தகட்டு ஈயத்தை அரால்டைட்டில் ஒட்டியவை. வளைந்த நான்கும் வெட்டிய ஈயத்தை வெள்ளைப் பசையில் போட்டவை.

ஒன்றைக் கவிழ்த்து, பசை மூடியைக் கத்தி முனையால் கிளப்பினோம். உள்ளே ஈயத் துண்டுகளைச் சுற்றி வெள்ளை மா பூத்திருந்தது. துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கி, குழியின் கூரையான தளத்தை மேலே தள்ளியிருந்தன.

வெள்ளைப் பசையிலிருந்து அசற்றிக் அமிலம் சிறிது சிறிதாக வெளிவரும். ஈரமும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் சேர்ந்தால் ஈயம் அரித்து ஈயக் காபனேற்றாக மாறும். அது ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அந்தக் காலத்தில் பெயின்ற்றுக்கு வெள்ளை ஈயம் செய்ததே ஈயத் தகட்டை வினாகிரி ஆவியில் வைத்துத்தான். இங்கேயோ பசைக்கு மேல் தளத்துக்கும் வினாகிரித் தண்ணி தடவியாயிற்று. அது நன்றாக உலர முதல் ஒட்டி, பிறகு மாரி முழுக்க அடைத்த அறை. வேறு நாட்டில் மாதிரி இயந்திரங்களின் உள்ளே வருடக்கணக்கில் நடப்பதாகச் சொல்லப்படும் ஒன்று இங்கே ஒரு மாரியில் முடிந்ததற்கு இவையெல்லாம் சேர்ந்திருக்கும். துண்டாக வெட்டியதும் உதவவில்லை: தகட்டைவிடத் துண்டுகளுக்கு மேற்பரப்பு அதிகம், அரிக்க இடம் அதிகம். அரால்டைட்டில் மூடிய தகட்டுக்கு ஈரமும் போகவில்லை, அமிலமும் போகவில்லை.

விட்டுவைப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். வெயிலுக்கு மரம் சுருங்கும், ஈயக் காபனேற்று சுருங்காது. வெள்ளை மாவை ஊதவோ தட்டவோ இல்லை, அதுவும் நஞ்சுதான். ஈரத் துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டி, பெரியவர்களே அப்புறப்படுத்தினார்கள். மூன்று வேகன்களின் குழியைச் சுத்தமாக்கி, புதுத் தகடு தட்டி, அரால்டைட்டில் மூடி, தளத்தைத் திரும்பப் போட்டார்கள். இம்முறை தளத்தின் கீற்றுகளுக்கு இடையில் ஒரு கடுதாசித் தடிப்புக்கு இடைவெளி விட்டார் தச்சர். மரத்தைப் பற்றி அவர் சொன்னதும் பொய்யில்லையே. சட்டம் வெடித்த நாலாவது வேகனை நிமிர்த்த முடியவில்லை. அது பக்கப்பாதையின் முடிவில், சக்கரம் கழற்றி, பழுதுபார்க்க நிறுத்திய வேகனாக நிற்கிறது. வன்னியில் ஒரு நிலையத்தில் அப்படி ஒன்று நிற்பது பொருத்தம்தான் என்று ஐயா சிரித்தார்.

விளைவு

சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் ஐந்து வேகன்கள் ஓடின. காலையில் குற்றி, மாலையில் சிலிப்பரும் தண்டவாளமும். சாமான் ஏற்றிய மூன்றும் இயந்திரத்துக்குப் பின்னால், வெறும் இரண்டும் காட் வானுக்கு முன்னால். ஒரே ஒரு தடவை தடம் புரண்டது. மேசையின் இரண்டு பலகை சேரும் இடத்தில் தண்டவாள முனை எழும்பியிருந்தது, வேகனில் குறை இல்லை. வந்த சனத்தில் பாதிப் பேர் குற்றி வேகனுக்கு முன்னால்தான் நின்றார்கள். வயதானவர்கள் சிலர் அது என்ன மரம் என்று கேட்டார்கள், ஐயா பாலை என்று சொன்னார். உண்மையில் அது ஒரு வேலி மரத்தின் குச்சி.

தளத்தின் நிறம் ஐயாவுக்கு இன்னும் திருப்தி இல்லை. சாம்பல் கூடிவிட்டதாம், எண்ணெயும் கரியும் பட்ட தடம் காணாதாம்.

இனிச் செய்தால்

வெறும் வேகனை முதலில் ஓட்டிப் பார்க்காமல் சாமான் செய்யத் தொடங்கியதில் சீமெந்தும் நேரமும் போயின. கண்ணாடி, வேர்ணியர், தராசு என்ற ஒழுங்கில் பார்த்திருந்தால் வளைவுப் பிரச்சினை ஒரு பின்னேரத்தில் பிடிபட்டிருக்கும். ஈயத்தைத் தகடாகவே, அரால்டைட்டிலேயே ஒட்டுவார்கள். வினாகிரி தடவிய கீற்றுகளை ஒரு கிழமையாவது வெயிலில் போட்ட பிறகே தளத்தில் வைப்பார்கள். பூட்டி வைக்கும் காலத்தில் வேகன்களைப் பெட்டிக்குள் அடைக்காமல் காற்றோட்டமான இறாக்கையில் வைப்பது என்றும் தீர்மானித்திருக்கிறார்கள். 22 மி.மீ. பாதை பற்றிய பேச்சு மறுபடி வந்தது. இப்போதைக்கு ஓர் இரண்டடித் துண்டைப் பக்கத்தில் கையால் பதித்துப் பார்க்க மாணவன் விரும்புகிறான்.

அடுத்ததாக ஏற்றப்போவது ஓர் உழவு இயந்திரம். உலோகத்தில் வார்த்த மாதிரி என்பதால் அதைக் குறைக்க வழியில்லை, மேலேதான் இருக்கும். அதை ஏற்றும் வேகனுக்குப் போகிகளின் நடுவிலும் சிறு தகடு ஒட்டலாமா என்று பார்க்கிறார்கள். சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, நான்கு மூலையிலும் சங்கிலி போடவேண்டும் என்று ஐயா சொல்லிவிட்டார். ஐந்து வேகன்களின் நிறையும் கொப்பியில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஈயம் அரித்தால் நிறை கூடும் என்பதால், அடுத்த மாரி முடிந்ததும் மாணவி முதலில் தராசில் வைக்கப்போகிறார், பிறகுதான் கண்ணாடியில்.